தட்டிப் பார்த்த வீடு

விழுப்புரம்,
திங்கள் மாலை

அன்பு மகன் இனியவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் பெரிதாக ஒரு குறையும் இல்லை, தோஹா வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறோம். குறை வந்திருப்பது என் மானத்துக்குத்தான். நேற்றுக் காலை நீ வாங்கப்போகும் திண்டிவனத்து வீட்டின் மாடிக் குளியலறையில் நான் மாட்டிக்கொண்டேன். மூன்று பேர் வெளியிலிருந்து தோள் கொடுத்துக் கதவைத் தள்ளி என்னை மீட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் உன் பெரியப்பா திருமுருகன், அதாவது எனக்கு வாய்த்த ஒரே சகலை. அவர் வாயால் இது ஊர் சுற்றி, கை கால் முளைத்து உன்னிடம் வருவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது. போனில் சொல்லலாம்தான், நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய், பாதி எனக்குப் புரிவதில்லை. எழுதி முடித்ததும் அம்மா போட்டோ பிடித்து அனுப்புவாள்.

வீட்டைச் சோதித்துச் சொல்ல நீ பெரியப்பா மகள் கவிதாவை ஏற்பாடு செய்திருக்கிறாய் என்று உன் வாயால் நான் கேட்கவில்லை. போன வாரம் ஒரு வளைகாப்புப் பந்தியில் சகலை என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிக்கொண்டே, இன்னா தாண்டவராயா, உம் புள்ள வூடு பாக்க எம் பொண்ணுகிட்ட சொல்லிக்கீறானே, உன்னாண்ட ஒரு வார்த்தை கேக்கலியா என்றார். கேட்டான், நான்தான் கவிதாவுக்கு விட்டுக் கொடுத்தேன் என்று புளுகினேன். அதற்கப்புறம் எனக்கு மோர் இறங்கவில்லை. நம் சொந்தத்தில் யார் வீடு வாங்கினாலும் இத்தனை காலம் யாரைக் கூப்பிட்டார்கள், நீயே சொல். மண்டியில் மல்லாட்டையை ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்கி, ஓட்டுக்குள் வேர்க்கடலைப் பருப்பு காய்ந்திருக்கிறதா என்று சொல்கிறவன் நான். சுவரும் எனக்கு அப்படித்தான். விரல் முட்டியால் நாலு இடம் தட்டுவேன், தலையாட்டுவேன், அப்புறம்தான் அட்வான்ஸே கொடுப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கெடாரில் உன் அத்தை வீட்டைத் தட்டியதற்கு நாட்டுக்கோழி அடித்துப் போட்டார்கள். கவிதா சென்னை வேலையை விட்டுத் திண்டிவனத்தில் வீடு பரிசோதனை என்று போர்டு மாட்டினாள், அன்றிலிருந்து என் விரல் சும்மா கிடக்கிறது. அந்தப் போர்டையும் போய்ப் பார்த்தேன். பச்சை எழுத்து, கண்ணுக்கு நன்றாக இல்லை. அவள் தட்டினால் ஃபீஸ், நான் தட்டினால் குழம்பு. நீ லோன் போட்டு வாங்கும் முதல் வீட்டுக்கு அப்பனின் தலையாட்டல் போதவில்லை என்பதுதான் எனக்கு எரிந்தது, இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதனால் நேற்று அவள் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு வந்து, அவள் சொல்லும் முன் உனக்கு நான் சொல்லிவிடலாம் என்று முதல் பஸ்ஸில் திண்டிவனம் போனேன். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. கீழே ஹால், சமையலறை, மேலே இரண்டு ரூம், எல்லாம் தட்டினேன். ஒரு சுவரும் குறை சொல்லவில்லை, எல்லாம் கருங்கல் மாதிரி. கீழே கார் வந்து நின்றதோ, கேட்டைத் திறந்தார்களோ, ஒன்றும் தெரியாது, பூனை மாதிரி வந்திருக்கிறார்கள். திரும்பினால் படிக்கட்டு வளைவில் சகலையின் வழுக்கை. மகளின் கருவிப் பையை மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டு மாதிரி தூக்கிக்கொண்டு வருகிறார். பந்தியில் நான் சொன்ன புளுகு நினைவுக்கு வந்தது, குளியலறைக்குள் புகுந்து கதவை இழுத்துச் சாத்தினேன். அந்தக் கதவு அடியில் தண்ணீர் குடித்து உப்பிப்போயிருந்தது, சாத்தியது சாத்தியதுதான். எவ்வளவு நேரம் நிற்பது, கடைசியில் தட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தட்டியதற்குப் பலன் கிடைத்தது. கதவு திறந்ததும் கவிதா, சித்தப்பா நீங்களா, நல்லவேளை வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் பண்ணப் பாத்தாருங்க என்றாள். சகலை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விற்கிற செல்வகுமார் மட்டும் சிரிக்கவில்லை, கதவு உப்பியிருப்பது வெளியே வந்துவிட்டதே. அந்தக் குறையைக் கண்டுபிடித்தது யார், கொஞ்சம் யோசித்துப் பார். அவள் எழுதிக்கொண்டாள், என் பெயரைத்தான் போடவில்லை.

அப்புறம் அவள் ஆரம்பித்தாள். ஒரு பக்கெட் தண்ணீரைக் குளியலறையில் கொட்டினாள், அது ஓட்டைப் பக்கம் போகாமல் வாசலைப் பார்த்து வந்தது. பிளக்கில் ஒரு சின்ன சாமானைச் செருகி எர்த் இல்லை என்றாள். கீழே ஹாலில் புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் ஈரம் காட்டும் மிஷினை வைத்தாள், அது சிவப்பாக எரிந்தது. அதற்கு நேர் மேலேதான் அந்தக் குளியலறை. நான் அந்தச் சுவரைத்தான் கருங்கல் என்று முடிவு கட்டியிருந்தேன். சமையலறைக்கு வந்ததும், சித்தப்பா நீங்க தட்டிச் சொல்லுங்க என்று எனக்கு இடம் விட்டாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. சுவர் டைல் ஒன்றைத் தட்டினேன், கெட்டி என்றேன். நுனியில் குண்டு வைத்த ஒரு கம்பியால் அவள் அதே டைலைத் தட்டி, கேக்குதுங்களா, உள்ள காலி என்றாள். சகலை ஆமாம் என்றார். விற்கிறவரே தலையாட்டினார், பிறகுதான் ஐயையோ என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். செல்வகுமாரிடம் கேட்டுக்கொண்டு கவிதா அந்த டைலைப் பெயர்த்தாள். நாலு மூலையில் நாலு உருண்டை சிமெண்ட், நடுவில் வெறும் காற்று. சகலை வாயைத் திறந்தார், கவிதா உடனே, அப்பா சும்மா இருங்க என்று அதட்டினாள். அந்த ஒன்றுக்காக அவளை மன்னிக்கலாம்.

மிஷினுக்குத் தெரியாதது ஒன்றாவது உனக்குச் சொல்லவேண்டும் என்று தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் முட்டி வரைக்கும் நிற்குமாம். ஓடி வந்து சொன்னேன். ஆமாம் சித்தப்பா, நேத்தே அங்க டீ குடிச்சப்ப சொன்னாங்க, எழுதிட்டேன் என்கிறாள். ஒரு டீக்கடையைக்கூட விட்டு வைக்கவில்லை. அதனால் அவள் சொல்கிறபடி செய். சுவரையும் தரையையும் செல்வகுமார் சரி செய்து, அவள் மறுபடி பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. அவரிடம் பேச வேண்டியதை என்னிடம் விடு, பேச்சுக்கு இன்னும் மிஷின் வரவில்லை. அடுத்த வீடு எதுவானாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல், அவள் பின்னாலேயே வந்து நிற்கிறேன், பையை வேண்டுமானால் நான் தூக்குகிறேன், சகலை தூக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி போனைத் தள்ளி வைத்துத் தூங்கு. அம்மா கேப்பை மாவு அரைத்து வைத்திருக்கிறாள், வருகிறவர்கள் யார் என்று சொல், கொடுத்தனுப்புகிறோம். நீ வாங்கும் வீட்டில் நீயும் உன் பிள்ளை குட்டிகளும் நிறைந்து வாழ எங்கள் இருவர் ஆசியும் உண்டு.

உன் அப்பா,
தாண்டவராயன்

பி.கு. காதுக்கு வைக்கும் மிஷின் அங்கே நல்லதாகக் கிடைக்குமா என்று விசாரி. இன்று காலை அம்மா இழுத்துக்கொண்டு போன டாக்டர், இரண்டு காதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது, ஐந்தாறு வருஷமாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்கிறார்.