குருசடி வாசலில் கிடந்த மிதவை

செவ்வாய், ஆடி மாதம், 2015

கடலில் காற்றாலை நிறுத்தலாமா என்று காற்றை அளக்கப் போட்ட மிதவையைக் காணவில்லை. மீனவர்கள் அறுத்துவிட்டதாகக் காற்றாலைத் திட்ட அதிகாரி புகார் கொடுக்க, வள்ளக்காரர் சூசையின் மகனைக் காலையிலேயே போலீஸ் கூட்டிப்போனது. பத்திரிகைக்குச் செய்தியை எழுதிவிட்டேன், அனுப்ப மனம் வரவில்லை. மணவாளக்குறிச்சிக் கரைக்குப் போனேன்.

மிதவை, குருசடி என்று அவர்கள் சொல்லும் சிறு சிலுவைக் கோயிலின் வாசலில் ஓலை மூடிக் கிடந்தது. கரையொதுங்கியதை உடையவர் வரும்வரை அங்கே வைப்பது மீனவர்கள் வழக்கம்.

“தானா அறுந்து வந்து சாரே. அறுக்கவன் குருசடியிலயா கொண்டு வைப்பான்?” என்றார் சூசை. “காத்தாடி வந்தா வலைய எங்க போடன்னு கேட்டான் எம்மவன். அதுக்கா ஸ்டேஷனு?”

அங்கிருந்தே அதிகாரியை அழைத்தேன். வந்து, தேய்ந்து அறுந்த கயிற்றைப் பார்த்தார். புகாரைத் திரும்பப் பெற்றார். பொழுது சாயும்முன் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். வலையை எங்கே போடுவது என்று அதிகாரியிடம் நானும் கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். நாளை மறுபடி கேட்க வேண்டும். இப்போது தூக்கம் வருகிறது.