ஐந்தாவது குழந்தை

அல்காசர் டோ சால்,
9 மார்ச் 1987

அன்புள்ள அக்கா தெயோலிந்தாவுக்கு,

வீட்டிலேயே ஊரார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உனக்கு உரிமம் கிடைத்துவிட்டதாமே, சந்தோஷம். பயிற்சி வகுப்பில், குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு என் தாளைப் பார்த்து எழுதினாய். பார்த்து எழுதியவளுக்குக் கிடைத்தது, காட்டியவளுக்குக் கிடைக்கவில்லை. விளையாட்டுக்குத்தான் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே செவ்வாயன்று உரிமத்துக்காக வீட்டைச் சோதிக்க அதிகாரி அம்மா வந்தார். மின்சாரத் துளைகளுக்கெல்லாம் மூடி போட்டிருந்தேன். மருந்துப் பெட்டிக்குப் பூட்டு, வீட்டில் எல்லோருக்கும் மருத்துவச் சான்று, எல்லாம் தயார். கூடத்துக்கு வந்தவர் சுவரில் இருந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளையும், கீழே படுத்திருந்த நாய்களையும் பார்த்தார். "இதெல்லாம் வீட்ட விட்டுப் போகணும்மா. அப்புறம் பேசலாம்." அவர் போன பிறகு அர்மிந்தோ, "எங்கப்பா தூக்குன துப்பாக்கி. ஊரான் பிள்ளைங்களுக்காக நான் ஏன்டி தூக்கிப் போடணும்?" என்றார்.

அத்தான் உனக்காக மாடிப்படிக்குக் கதவே செய்து மாட்டினாராம். கொடுத்துவைத்தவள்.

உன் தங்கை,
கிராசியெட்


பர்ரெய்ரோ,
5 ஏப்ரல் 1987

என் கிராசியெட்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மாப்பிள்ளையிடம் பொறுமையாகப் பேசு. உன்னைப்போல் கெட்டிக்காரிக்கு இல்லாத உரிமமா?

எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நான்கு குழந்தைகள், அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று உத்தரவு. யார் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், எவ்வளவு சூப் குடித்தார்கள் என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும். கடைசிப் பையன் தெல்மோவுக்கு ஒன்றரை வயது. சாயங்காலம் அவன் அம்மா வந்தால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்கிறான். என்னைத்தான் "அம்மா" என்கிறான், போக்கிரி!

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எதிர்வீட்டு ஓதெத்தைத் திடீரென்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் கைக்குழந்தையை மூன்று நாள் நான் வைத்துக்கொண்டேன். நான்கு ஐந்தாகிவிட்டது. தொட்டில் இல்லை. அலமாரியின் பெரிய இழுப்பறையைக் கழற்றித் தரையில் வைத்து, துணி விரித்துத் தூங்க வைத்தேன். அத்தான் அந்த வாரம் முழுக்கக் கப்பல் பட்டறையிலேயே இருந்தார், அவருக்குக்கூடத் தெரியாது. நீயும் மூச்சு விடாதே.

ஆயிரம் முத்தங்களுடன்,
அக்கா


அல்காசர் டோ சால்,
20 ஏப்ரல் 1987

அக்கா,

நலம். இங்கே மழை. அர்மிந்தோ முயல் சுட்டு வந்தார், உரித்துச் சமைத்தேன். வீடு அமைதியாக இருக்கிறது. என்னை "அம்மா" என்று கூப்பிட யாரும் இல்லை என்பது உனக்கு நினைவிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

விதி என்பது எல்லோருக்கும் ஒன்றுதானே? என் வீட்டுக்கு ஒரு விதி, உன் வீட்டுக்கு ஒரு விதியா?

கிராசியெட்


பர்ரெய்ரோ,
11 ஜூன் 1987

கிராசியெட்,

சென்ற வாரம் முன்னறிவிப்பில்லாமல் உரிம அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: "ஏப்ரல்ல அஞ்சு பிள்ளைங்க இருந்துச்சாமே? ஒண்ண இழுப்பறைக்குள்ள படுக்க வெச்சீங்களாமே?"

ஓதெத்தின் புருஷன் குழந்தையை வாசலில் கொடுத்து வாசலிலேயே வாங்கிக்கொண்டான். மற்ற அம்மாக்களும் வாசல் தாண்டியதில்லை. இழுப்பறை விஷயத்தை நான் ஒரே ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

பொய் சொல்ல வாய் வரவில்லை, ஆமாம் என்றேன். மூன்று மாதத்துக்கு உரிமத்தை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் தெல்மோவைக் கொண்டுவந்த அவன் அம்மாவை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். உள்ளே வரவேண்டும் என்று அவன் கையை நீட்டி நீட்டி அழுதான்.

அந்தோனியார் திருநாளுக்கு மத்தி மீன் சுட வழக்கம்போல் வருவேன் என்று எழுதியிருந்தாய். வராதே.

தெயோலிந்தா


அல்காசர் டோ சால்,
2 ஜூலை 1987

அக்கா,

நான்தான் எழுதினேன். ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, சமையலறை மேசையில் உட்கார்ந்து, உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதினேன். தபால்பெட்டியில் போட்டதும் நெஞ்சு குளிர்ந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அந்தக் குளிர்ச்சி போய்விட்டது.

நேற்று ரயிலேறி அந்த அலுவலகத்துக்குப் போனேன். எழுதியது நான், பொறாமையில் எழுதினேன் என்று சொன்னேன். அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "பொறாமைல எழுதுனாலும் நடந்தது நடந்ததுதானேம்மா? அஞ்சு பிள்ளை இருந்துச்சு." என்னால் ஒன்றையும் மாற்ற முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அர்மிந்தோவிடம் சொன்னேன். "சொந்த அக்காவையேவாடி?" என்று கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அத்தான் உனக்குச் செய்ததையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கிராசியெட்


பர்ரெய்ரோ,
28 செப்டம்பர் 1987

கிராசியெட்டுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். அத்தான்தான் பொறுக்கி ஒட்டிவைத்தார்.

உரிமம் திரும்ப வந்துவிட்டது. இரண்டு குழந்தைகள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் திரும்ப வந்திருக்கிறார்கள், அதில் ஒருவன் தெல்மோ.

அக்டோபரில் எனக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. பத்து நாள் எனக்குப் பதிலாக யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பெயர் கேட்டார்கள். பயிற்சி முடித்தவளாக இருக்க வேண்டும். ஒரு வாரம் அந்தக் காகிதத்தை வெறுமனே வைத்திருந்தேன். பிறகு உன் பெயரை எழுதினேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த வகுப்பில் உன்னைவிட நன்றாகப் படித்தவள் யாரும் இல்லை, அதனால் எழுதினேன். அதிகாரி அம்மா பெயரைப் பார்த்துவிட்டு, "நிஜமாவா?" என்று கேட்டார். "நிஜமாத்தான்" என்றேன்.

பன்னிரண்டாம் தேதி காலை ஏழுக்கே வந்துவிடு. முதல் நாள் தெல்மோ உன்னைப் பார்த்து வீறிட்டு அழுவான். இரண்டாம் நாள் முறைப்பான். நான் வீடு திரும்புவதற்குள் உன் மடியில் ஏறி உட்கார்ந்திருப்பான். என்னைக் கண்டாலும் இறங்க மாட்டான். எனக்கு வயிறு எரியும். எரியட்டும்.

தெயோலிந்தா