சாளை எண்ணெய்

என் மகளுக்கு,

நான் சொல்ல, மருந்துக்கடை ஆமிரா எழுதுகிறாள். உனக்கு வந்த எம்.எஸ். நோயில் நரம்பின் மேலுறை உரியும் என்று டாக்டர் சொன்னதும், வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற சாளை மீன் எண்ணெய்தான் என் புத்தியில் வந்தது. தினமும் சாளை தின்னச் சொன்னேன்.

அதை நம்பி ஊசியை நிறுத்திவிட்டாயாம், மாப்பிள்ளை சொன்னார்.

“மீன் கொழுப்பு நல்லதுதான் தாத்தா, ஊசி செய்யுத வேலைய அது செய்யுமா?” என்று ஆமிரா ஏசுகிறாள்.

வருஷம் தவறாமல் வள்ளத்துக்கு எண்ணெய் பூசினேன். பலகை பிளந்த அன்று வள்ளம் கட்டுகிற ஓடாவி வந்துதானே அடைத்தான்.

கனவில் நீ கடலடியில் சங்கு பொறுக்கியபடி நடக்கிறாய். கால் தடுமாறவில்லை. உன் இடுப்புக் கயிறு என் கையில் இருக்கிறது.

ஊசி போட்டதும் ஒன்றும் பேசவேண்டாம், தாயி. சங்கெடுக்க முங்கினவன் கயிற்றை இழுத்துச் சேதி சொல்வதுபோல ஒரு மிஸ்டு கால் கொடு. மேலே நான் இருக்கிறேன்.

உன் அப்பாவின் பெருவிரல் ரேகை