இன்னும் மழிக்காத தாடி

சாற்றமுதும் கத்தரிக்காய்க் கறியமுதும் மூடி வைத்திருக்கிறேன். இரவு ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருவீர்கள், சுடவைத்து உண்ணுங்கள். நான் வாலாஜாபாத்துக்கு, அம்மாவிடம் போகிறேன்.

பத்து மணிக்கு நாவிதர் சுப்பன் வருவார். நான்தான் வரச் சொன்னேன். எதுவும் கேட்கலாகாது என்றும் சொல்லியிருக்கிறேன். மறுக்காமல் முகத்தைக் கொடுங்கள்.

மனைவி கருவுற்றிருக்கும்போது மட்டுமே கோயிலில் பாசுரம் ஓதும் நம் கோஷ்டியில் தாடிக்கு இடமுண்டு. தீட்டும் கழிந்துவிட்டது. நேற்று பாசுரம் சேவித்து முடிந்ததும், ஊரிலிருந்து திரும்பியிருந்த வரதாச்சாரி மாமா எல்லார் எதிரிலும், “என்ன ஓய், எத்தனாம் மாசம்?” என்று சிரித்தார். நம் குழந்தை ஏழாம் மாதத்தில் உயிரின்றிப் பிறந்ததை அவர் அறியார். நீங்களோ, “எட்டு, மாமா” என்றீர்கள். தூணருகில் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்து சண்டையிட்டேன்.

“கொழந்தை பொறந்தாத்தானேடி தாடியை எடுக்கணும்? நமக்கு இன்னும் பொறக்கலையே” என்றீர்கள். நீங்கள் வேலைக்குப் போனதும் சுப்பனுக்குச் சொல்லியனுப்பினேன்.

பத்மாசனி

பி.கு.: கதவைப் பூட்டும்போது பால்காரக் கோவிந்தம்மா வந்தாள். “இன்னாம்மா, புள்ள பெத்துக்கினு சொல்லவே இல்ல! பையனா, பொண்ணா? சாமி இன்னும் தாடியோடவே சுத்தறாரு!”

“பையன்” என்றேன். அவனைப் பற்றிப் பிறரிடம் நான் சொன்னது அதுவே முதல்முறை. பாலை வாங்கிக்கொண்டேன். மீண்டும் உள்ளே வந்து இதை எழுதுகிறேன்.

சுப்பனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன். அதுவரை அந்தத் தாடி உங்கள் முகத்திலேயே இருக்கட்டும்.