செபத்தில் விட்ட பெயர்

முல்லைத்தீவு
18.11.2005

அன்பு மகள் கிறேஸ்,

நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். நாங்கள் இன்னும் தற்காலிகக் கொட்டிலில்தான், மழைக்குத் தகரம் ஒழுகுகிறது, அம்மாவுக்கு முழங்கால் நோ. அண்ணன் வின்சன் குடியை விட்டு இன்றைக்கு இருபத்தாறு நாள். நம்பிக்கையோடு எழுதுகிறேன் என்று நினையாதே. அவன் மகள் கம்சாவைக் கடல் கொண்டுபோன முப்பத்தோராம் நாளில் அவனுக்கு முதல் போத்தலை நீட்டிய உன் சித்தப்பனை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை.

செவ்வாய் தோறும் உளவளத்துணைக்குக் கமலாசனி என்றொரு பிள்ளை வருகிறா. அண்ணனை மட்டுமல்ல, என்னையும் அம்மாவையும் அண்ணியையும் சேர்த்து இருத்தித்தான் கதைப்பா. முப்பது வருடம் படிப்பித்த எனக்கு இவ என்ன சொல்லித்தரப் போகிறா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன். அவன் வேலையால் வரும்போது வாசலில் மறித்து, வாயை ஊதச்சொல்லி மணந்து பார்ப்பேன். அதை நிறுத்தச் சொன்னா. செபமாலையில் இறந்தவர்களின் பெயர் சொல்லும்போது கம்சாவின் பெயரை நான் விட்டுவிடுவதையும் அம்மா சொல்லிப்போட்டா. அந்தப் பெயரைக் கேட்டால் அவன் கள்ளுத் தவறணைக்கு ஓடிவிடுவான் என்ற பயம்தான். ஏன் குடித்தாய் என்று கமலாசனி அவனைக் கேட்கவில்லை, என்ன நடந்தது என்றுதான் கேட்டா. அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கடல் இரைச்சல் பழகிவிட்டது, பிள்ளையின் கையை விட்டவன் நீதானே என்று அப்பா ஆசுபத்திரி வாசலில் கேட்டதுதான் காதுக்குள் நிற்கிறது என்றான். நான் கேட்டதுதான். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

அன்று பின்னேரச் செபத்தில் கம்சாவின் பெயரைச் சொன்னேன். அவன் எழும்பி வெளியே போனான். தவறணை பூட்டுகிற நேரம் ஆகவில்லை, அண்ணி அழத் தொடங்கிவிட்டா. கால் மணித்தியாலத்தால் திரும்பி வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டு, "கம்சாவிலயிருந்து திரும்பச் சொல்லுங்கோ அப்பா" என்றான். சொன்னேன். மணந்து பார்க்கவில்லை.

கடல் வந்த மார்கழி இருபத்தாறு திரும்ப வருகிறது, எனக்கு அந்த நாள்தான் பயம். அதற்குள் அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. குடிக்கிறாயா என்று கேளாதே, பிள்ளையைப் பற்றி எழுது. ஓமந்தைச் சோதனைச்சாவடியால் கடிதம் வரச் சுணங்கும், நேரத்தோடு போடு. நான் ஆசுபத்திரி வாசலில் கேட்டதை நீயும் ஒரு கடிதத்தில் அவனைக் கேட்டிருந்தாய். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது, என்னைப் பார்த்துக்கொண்டிராதே.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அப்பா,
மரியநேசன்