யானை வரிசைச் சிப்பாய்

4-3-1976, வியாழன்

இன்றும் இரண்டு பேருடைய வருகை அட்டையில் மாற்றி முத்திரை குத்திவிட்டேன். டைம் ஆபீஸில் உட்கார்ந்தால் இருப்புக் கொள்வதில்லை. எழுந்தால் எங்கே போவதென்று தெரிவதில்லை.

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். சென்னைச் சதுரங்கச் சங்கத்திலிருந்து கடிதம். 71-ல் மாநிலப் பட்டம் வாங்கித் தந்த ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பத்திரிகைக்கு நான் எழுத வேண்டுமாம். பிறகு ஒரு கூட்டத்தில் ஆடிக் காட்டி விளக்க வேண்டுமாம். நம் கம்பெனி பெயரையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கும்மிடிப்பூண்டியில் இந்த எஃகுத் தொழிற்சாலை எனக்கு வேலை கொடுத்ததே அந்த ஆட்டத்துக்காகத்தானே. எழுதுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எதை எழுத?

ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாததை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. கடைசிச் சுற்று. எதிரே செவ்வாப்பேட்டைத் தணிகாசலம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அந்தப் போட்டியில் அதுவரை தோற்காதவர். என் கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. என்னுடைய ஓரத்துச் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. போட்டிச் சட்டப்படி அதை எந்தக் காயாகவும் மாற்றிக்கொள்ளலாம்; யாராக இருந்தாலும் அங்கே ராணியை வைப்பார்கள். நான் யானையை வைத்தேன். ராணி வைத்திருந்தால் அவருடைய ராஜாவுக்குச் செக்கும் இருந்திருக்காது, நகர ஒரு கட்டமும் இருந்திருக்காது. அப்படியானால் சட்டப்படி ஆட்டம் சமன், பட்டம் அவருக்கு. அது அவர் எனக்காக விரித்து வைத்த வலை. யானை வைத்ததால் ஜெயித்தேன். மறுநாள் பேப்பரில் ‘பழவேற்காட்டு மேதை’ என்று படத்தோடு போட்டார்கள்.

மேதையாவது, மண்ணாவது. நான் அந்த வலையைப் பார்க்கவே இல்லை. கை தானாக யானையை எடுத்தது.

7-3-76, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். அப்பா ஏரியிலிருந்து வந்து வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆடலாமா என்றார். தலைவலி என்று பொய் சொன்னேன்.

அப்பாவிடம் நான் கற்றது நம்மூர் சட்டம். சிப்பாய் எந்த வரிசையில் போய்ச் சேருகிறதோ அந்த வரிசைக் காயாகத்தான் மாறும். குதிரை வரிசையென்றால் குதிரை. ஓரமென்றால் யானை. போட்டிச் சட்டம் நான் படித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவசரத்தில் பழைய கை வேலை செய்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு அந்தப் பேப்பரை அப்பாவிடம் காட்டியபோது, அதில் அச்சிட்டிருந்த பலகைக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். “யான வரிசைல போன சிப்பாயி யானையாத்தான்டா ஆவும். இதுல இன்னா அதிசயம்னு படம் புடிச்சிப் போட்டுக்கிறானுங்க?” என்றார். ஊரெல்லாம் பாராட்டியது. எங்கப்பா துலுக்காணம் ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார், தெரியாமலே.

பேப்பரை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

9-3-76

எழுதி அனுப்பிவிட்டேன். ‘ஆறு நகர்த்தலுக்கு முன்பே அந்த வலையைக் கண்டுகொண்டேன்’ என்று. பேனா கொஞ்சம்கூடத் திக்கவில்லை.

28-3-76, ஞாயிறு

சென்னையில் கூட்டம். பெரிய பலகையில் காய்களை மாட்டி விளக்கினேன். யானை வந்ததும் கைதட்டினார்கள். இந்த ஐந்து வருடத்தில் நான் இன்னொரு பட்டம் வாங்கவில்லை என்பது அங்கே ஒருவருக்கும் ஞாபகமில்லை போலும்.

தணிகாசலம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சங்கச் செயலாளர் சிரித்தார். அந்த ஆட்டத்தோடு அவர் ஆடுவதையே விட்டுவிட்டாராம். ‘இப்பேர்ப்பட்ட மூளை வந்தப்புறம் எனக்கு இங்கே இன்னா வேலை’ என்று சொன்னாராம். செயலாளர் அதை எனக்குப் பெருமை என்று நினைத்துச் சொல்கிறார்.

ஆபீஸ் வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார் என்றல்லவா நினைத்திருந்தேன். நான்தானா? என் கை செய்த கோளாறா?

4-4-76, ஞாயிறு

சென்னைக்குப் போய் ரயில் மாறி செவ்வாப்பேட்டை வரை போனேன். வண்டி நின்றது. எழுந்தேன். வண்டி கிளம்பியது. உட்கார்ந்துவிட்டேன். திருவள்ளூரில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பினேன். இதுதான் மேதையின் லட்சணம்.

11-4-76

போகவில்லை. காய்ச்சல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

18-4-76, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து வயல் வழியாக நடந்தால் அவர் வீடு. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, “சந்திரகலா, யார் வந்துகிறாங்க பாரு” என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா காபி கொண்டுவந்தார். என் கண் சுவருக்குப் போனது. அந்தப் பேப்பர் துண்டு, கண்ணாடிச் சட்டம் போட்டு. தான் தோற்றதை யாராவது சட்டம் போட்டு மாட்டுவார்களா? வருகிறவர்களிடமெல்லாம் ‘இந்த யானை எனக்கு எதிரா வெச்சது’ என்று காட்டுவாராம். என் கட்டுரை வந்த பத்திரிகையும் மேஜையில் இருந்தது. ஆறு நகர்த்தலுக்கு முன்பே பார்த்தாயா, நான் நாலு என்றுதான் நினைத்தேன் என்றார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டுரை பொய் என்றேன். அப்பாவின் சட்டம், கடிகாரம், கை, எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கத்தவில்லை. காபி டம்ளரை மேஜைமேல் இருந்த பத்திரிகைமீது வைத்தார். பிறகு சொன்னார்:

“நீ சொல்லாமலே இருந்துக்கலாம் தம்பி. அஞ்சு வருசமா ஒரு மேதைகிட்ட தோத்தேன்னு சொல்லிக்கினு இருந்தேன். அத்தயும் புடுங்கிக்கினியே.”

வாசல்வரைகூட வரவில்லை. அந்த அம்மாதான் வந்தார்.

நல்லது செய்யப் போனேன் என்று நினைத்தேன். யாருக்கு நல்லது? மனசை இறக்கி வைக்க எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, அவர் தலையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சே.

20-4-76

பத்திரிகைக்கும் உண்மையை எழுதிப் போட்டேன். போட்டது போட்டதுதான்.

30-5-76, ஞாயிறு

என் கடிதம் பத்திரிகையில் பொடி எழுத்தில் வந்திருக்கிறது. மேனேஜர் நேற்று படித்துவிட்டு, யாரும் கேட்காததை ஏன் எழுதுகிறீர்கள் என்றார். இந்த முறை தேர்வுப் போட்டியில் ஜெயித்து தேசியப் போட்டிக்குப் போனால் டைம் ஆபீஸ். இல்லையென்றால் உலை ஷிப்டு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போட்டிக்கு வரும் ஆட்களின் பட்டியலும் வந்தது. பதினோராவது பெயர்: தணிகாசலம், செவ்வாப்பேட்டை. நாலு தடவை படித்தேன்.

13-6-76, ஞாயிறு

கடைசிச் சுற்று. நானும் அவரும் சம புள்ளி. போகப்போவது ஒருவர்.

வந்தார், உட்கார்ந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அஞ்சு வருடம் தொடாத கை போலவா ஆடியது? கோபத்தில் ஆடினார். நானும் விடவில்லை. சத்தியமாக விடவில்லை, இதை எனக்கு நானே அடித்துச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாவம் பார்த்து ஒரு சிப்பாயைக்கூடக் கொடுக்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று வெறியாகவே இருந்தது. ஒவ்வொரு காயையும் தொடுமுன் கையை மேஜைக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் தோற்றேன்.

கைகொடுத்தபோதுதான் என்னைப் பார்த்தார்.

“இன்னிக்கு ஆடனது நீ. அதான் நாலு மணி நேரம் ஆச்சு.”

ரயிலில் அழுகை வந்தது. தோற்றதற்கா, அவர் சொன்னதற்கா என்று தெரியவில்லை.

15-6-76

உலை ஷிப்டு. மேனேஜர் இன்று சிரிக்கவில்லை.

27-6-76, ஞாயிறு

ஊரில் அப்பா என் கை கொப்புளங்களைப் பார்த்தார். அம்மா எண்ணெய் தடவினாள். ஆட்டத்தில் எவன் ஜெயித்தான் என்று அப்பா கேட்டார். சொன்னேன். நல்ல ஆட்டக்காரனா என்றார். ஆமாம் என்றேன், யோசிக்காமல்.

6-8-76, வெள்ளி

தொழிற்சாலை விலாசத்துக்கு ஒரு கார்டு. வடநாட்டு முத்திரை. தணிகாசலம் தேசியப் போட்டியிலிருந்து எழுதியிருக்கிறார். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. பொடிப் பொடி எழுத்தில் ஒரு முழு ஆட்டம், கீழே நாலு வரி:

‘மூன்றாவது சுற்றில் தோற்றேன். முப்பத்தொன்றாவது நகர்த்தலில் தவறினேன் என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியவில்லை. உனக்குத் தெரியும். பார்த்து உடனே எழுது.’

உனக்குத் தெரியும் என்கிறார். எல்லாம் தெரிந்த பிறகும்.

பலகையைக் கட்டில்மேல் விரித்து மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். சோறு மறந்துபோனது. முப்பத்தொன்றில் தவறே இல்லை. பத்தொன்பதிலேயே, குதிரையைப் பின்னே எடுத்தாரே, அங்கே. மூன்று முறை ஆடிப் பார்த்துச் சரிபார்த்தேன். கார்டில் எழுதி, ஸ்டேஷன் பெட்டியில் தபால் எடுப்பதற்குள் ஓடிப் போய்ப் போட்டேன். ஷிப்டுக்குப் பத்து நிமிடம் தாமதம். டைம் ஆபீஸில் புதிதாக உட்கார்ந்திருக்கும் ஆள் என் அட்டையில் சிவப்பு முத்திரை குத்தினான்.