திருப்பி அனுப்பிய பால்சுறா

திண்டிவனம், 4-6-86
பேத்தி காந்திமதிக்கு இன்று பத்து மாதம். ஆறாம் மாதம் உட்கார்ந்தாள் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது உட்கார வைத்தால் சாய்கிறாள். கழுத்தும் நிற்கவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினேன், திரும்பவில்லை. கற்றதை ஒரு குழந்தை மறக்குமா? மருமகள் பாஞ்சாலியிடம் கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

7-6-86
கடைசியாக எப்போது சிரித்தாள்? குறித்து வைக்கவில்லை.

9-6-86
மகன் வேங்கடேசன் பட்டாளத்தில். ஆகையால் நானே இருவரையும் விழுப்புரத்துக்குக் குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் குழந்தையின் கறுத்துப்போன விரல் முட்டிகளைப் பார்த்தார். பிறகு பாஞ்சாலியை நாக்கை நீட்டச் சொன்னார்.
"நீ என்னம்மா சாப்புடற?"
"சோறு, ரசம், பூண்டுக் கொழம்பு. பால் குடிச்சா கொழந்தைக்கு சளி புடிக்கும்னு உட்டுட்டேங்க."
"மீன், முட்டை?"
பாஞ்சாலி என்னைப் பார்த்தாள். "எங்க வூட்ல வழக்கமில்லீங்க."
பி12 என்ற சத்து தாய்க்கு இல்லை, அதனால் தாய்ப்பாலிலும் இல்லை, அது இல்லாமல் மூளை வளர்ச்சி நின்றுபோகிறது என்றார். இருவருக்கும் ஊசி போட்டார். மூளை முழுதாகத் தேறுமா? பாஞ்சாலிதான் கேட்டாள்.
"தேறும்னு நம்புவோம். லேட்டா வந்திருக்கீங்க."

10-6-86
முப்பது வருடமாகப் புலால் மறுத்தவன் நான். பாஞ்சாலி பொம்மையார்பாளையத்து மீனவர் வீட்டுப் பெண். மகன் விரும்பிக் கட்டியவள். இந்த வீட்டில் புலால் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. பத்தாம் நாள் அவள் தாயார் கெங்கம்மாள் பஸ் ஏறி, தாய்ப்பால் ஊறட்டும் என்று பால்சுறா மீன் கொண்டுவந்தாள்.
"புள்ள பெத்தவளுக்கு இத்த குடுக்காம வேற இன்னாத்த குடுக்கறது அண்ணே?"
வாசலிலேயே கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். எவ்வுயிருக்கும் தீங்கு வேண்டாம் என்றேன். இந்த உயிர்?

12-6-86
கை நடுங்குகிறது. குழந்தையின் இரண்டு கையும். ஐயோ, ஊசியும் தப்பாப் போச்சா? நான் இன்னா பண்ணுவேன் — தபாலாபீசுக்கு ஓடி டாக்டருக்கு டிரங்க்கால் போட்டேன். ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், சில வாரத்தில் அடங்கும் என்கிறார். நம்பலாமா?

13-6-86
பாஞ்சாலியிடம் சொல்லிவிட்டேன். "உங்கம்மா வூட்டுக்குப் போய் நல்லா சாப்புடும்மா. தப்பு என்னுது."
"நீங்க வேணாம்னீங்க. நானும் வேணும்னு கேக்கல மாமா." பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "ஆசையாதான் இருந்துச்சு."

25-6-86
கடிதம் இல்லை. ஊசிக்குத் தவறாமல் போகிறாளா?

14-7-86
பொம்மையார்பாளையம் போய்வந்தேன். "வாங்கண்ணே, மீன் கவுச்சி தாங்குவீங்களா?" என்று சிரித்தாள் கெங்கம்மாள். குத்தல்தான். வேண்டும் எனக்கு.
காந்திமதி பாயில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். கை நடுக்கம் இல்லை. வா என்று கை நீட்டினேன். என்னை உற்றுப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது பாஞ்சாலியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போன மாதம் யார் தூக்கினாலும் அவளுக்கு ஒன்றுதான்.
"தாத்தாடி! ஒண்ணும் பண்ண மாட்டாரு."
"அழட்டும்மா," என்றேன். "நல்லா அழட்டும்."
எட்டப் போய் உட்கார்ந்துகொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேயே இருந்தேன். தாயின் தோளுக்குப் பின்னாலிருந்து மூன்று முறை எட்டிப் பார்த்தாள்.